லிங்க் ரேயைக் கலைஞர் வரிசைக்கு மாற்றுங்கள்

ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் தேர்வுக் குழுவினருக்கு,

வணக்கம்.

2025-ல் பாடகர் சப்பி செக்கரை உங்கள் புகழ் மண்டபத்தின் கலைஞர் பிரிவில் சேர்த்தீர்கள். பாராட்டுகள். எண்பது தாண்டிய பிறகாவது கூப்பிட்டீர்களே! ஆனால் அந்தச் செய்தியைப் படித்ததிலிருந்து கிட்டார் கலைஞர் லிங்க் ரே விஷயம் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

2018-ல் தனிப்பாடல்களுக்கென்று புதிதாக ஒரு பட்டியல் தொடங்கினீர்கள். அதில் செக்கரின் 'தி ட்விஸ்ட்' இருந்தது, ரேயின் 'ரம்பிள்' இசையும் இருந்தது. அதே ஆண்டு கலைஞர் பிரிவுக்கான வாக்குச்சீட்டிலும் ரே இருந்தார்; தேர்வாகவில்லை. வாசித்தது உள்ளே, வாசித்தவர் வெளியே. 2023-ல் 'இசைத் தாக்கம்' என்ற பக்கத்து வரிசையில் அவரை உட்காரவைத்துக் கணக்கை முடித்துவிட்டீர்கள். செக்கருக்குத் திறந்த கதவை ரேவுக்கும் திறந்துவிடுங்கள் என்பதுதான் என் கோரிக்கை.

அவர் கதை உங்களுக்குத் தெரியாததல்ல. இருந்தாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ராணுவத்தில் இருந்த நாளில் வந்த காசநோயால் அவருக்கு ஒரு நுரையீரல் போனது. இனிப் பாட முடியாது என்றார்கள் டாக்டர்கள். குரலும் முகமும் இடுப்பாட்டமும் விற்ற 1950-களில், மூச்சுப் போதாத ஒருவரை எந்த கம்பெனி தேடி வரும்? மனிதர் பாட வேண்டியதையெல்லாம் கிட்டாரிடம் கொடுத்துவிட்டார். நடன அரங்கில் கிடைத்த கரகரப்பு ஸ்டூடியோவில் வரவில்லை என்றதும், பென்சிலை எடுத்து ஆம்ப்ளிஃபையரின் ஸ்பீக்கரில் ஓட்டை போட்டார். 1958-ல் வெளிவந்த அந்த 'ரம்பிள்' இசைத்தட்டு பில்போர்டு என்ற அமெரிக்க இசைப் பத்திரிகையின் பட்டியலில் 16-ஆம் இடம் வரை ஏறியது. பின்னால் வந்தவர்கள் அதே கரகரப்பைக் கடையில் ஒலியை மாற்றும் பெடலாக வாங்கி மிதித்தார்கள்.

ஒரு சொல்கூட இல்லாத அந்த இசையை, தெருச்சண்டையைத் தூண்டிவிடும் என்று பயந்து சில வானொலி நிலையங்கள் ஒலிபரப்ப மறுத்தன. அவர்களுக்காவது அது என்ன செய்யும் என்று புரிந்திருந்தது.

உங்கள் 2023 விழாவில் லெட் செப்பலின் குழுவின் கிட்டார் கலைஞர் ஜிம்மி பேஜ் முன்னறிவிப்பில்லாமல் மேடையேறி 'ரம்பிள்' வாசித்தார். அரங்கம் ஆர்ப்பரித்தது. பேஜ் உங்கள் மண்டபத்தில் கலைஞர். ரேயைக் கேட்டிராவிட்டால் கிட்டாரையே தொட்டிருக்க மாட்டேன் என்று சொன்ன, 'தி ஹூ' குழுவின் பீட் டவுன்ஷெண்டும் கலைஞர். ரே மட்டும் 'தாக்கம்'. நாதஸ்வரக்காரரை வாசலிலேயே உட்காரவைத்துவிட்டு, அவரிடம் கற்றவர்களுக்கு முதல் பந்தியில் இலை போட்டது போல இருக்கிறது இது.

இவர் ஒருவருக்குத்தான் இப்படி என்றால் விட்டுவிடலாம். எலெக்ட்ரிக் கிட்டாரோடு மேடையை அதிரவைத்த சிஸ்டர் ரொசெட்டா தார்ப் இறந்தது 1973-ல். 2018-ல் உங்களுக்கு நினைவு வந்தது, அதுவும் 'ஆரம்பகாலத் தாக்கம்' என்று. பாடகி வாண்டா ஜாக்சனுக்கும் 2009-ல் அதே வரிசைதான். வேர்களை வாசலில் வைத்துவிட்டுக் கிளைகளை நடுக்கூடத்தில் நட்டு வளர்க்கும் கலையில் உங்களுக்கு ஈடு இல்லை. தொலைக்காட்சிக்கு எடுப்பாக இருப்பவர்கள் யார் என்று பார்த்துத்தான் வரிசை போடுகிறீர்களோ என்றுகூட...

மன்னிக்கவும், கேட்க வந்ததை விட்டு எங்கோ போய்விட்டேன்.

நீங்கள் முதல் பட்டியலை அறிவித்தது 1986-ல். ரே கோபன்ஹேகனில் இறந்தது 2005-ல். அதுவரை ஒருமுறைகூட அவர் பெயர் உங்கள் வாக்குச்சீட்டில் வரவில்லை. முதலில் வந்தது 2014-ஆம் ஆண்டுக்கான தேர்வில். அந்தத் தாமதத்தை இனி யாராலும் சரிசெய்ய முடியாது. பிரிவை மாற்றுவது உங்கள் கையில்தான் இருக்கிறது.

ஆகவே லிங்க் ரேயைக் கலைஞர் பிரிவில் சேர்ப்பது பற்றி அடுத்த கூட்டத்தில் பேசி முடிவெடுக்குமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். மறுபடி விழா எடுக்க வேண்டாம், பேஜை மறுபடி வரவழைக்கவும் வேண்டாம். ஒரு பெயரை ஒரு பட்டியலிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி எழுதினால் போதும்.

இப்படிக்கு,
ஒரு கிட்டார் ரசிகன்