ஓவியக் குழுவை வைத்தியமாக விற்க வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கான ஓவியச் சிகிச்சை குறித்துத் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அதில் சொல்லப்பட்டவற்றில் பெரும்பகுதியை ஒப்புக்கொள்கிறேன். எனினும், வண்ணம் தீட்டத் தொடங்கினால் பிள்ளை பேசிவிடும், ஆட்டிசம் குறைந்துவிடும் என்ற தொனி ஆங்காங்கே தென்படுவது உறுத்துகிறது. இசைச் சிகிச்சையை ஒன்பது நாடுகளில் 364 பிள்ளைகளிடம் சோதித்து 2017-இல் வெளியான ஆய்வில், வழக்கமான கவனிப்போடு அதையும் சேர்த்துப் பெற்றவர்களிடம் ஆட்டிசத்தின் அறிகுறிகள் குறிப்பிடத்தக்க அளவு கூடுதலாகக் குறையவில்லை. அப்படியிருக்க, ஓவியத்தின் தலையில் மட்டும் அந்த வாக்குறுதியைக் கட்டுவது பெற்றோரை ஏமாற்றுவதில்தான் முடியும்.

கோத்தகிரியில் ஆட்டிசம் உள்ள என் தம்பி சனிக்கிழமைதோறும் செல்லும் ஓவியக் குழுவில் இப்படி எதையும் சொல்வதில்லை. ஈர வண்ணம் விரலில் பட்டாலே கையை உதறுகிறவன் அவன். ஆகவே அவனுக்குக் கத்தரிக்கோலும் பழைய காலண்டர் தாள்களும் தருகிறார்கள். ஒரே அகலத்தில் கீற்றுகளாக வெட்டி, நிறவாரியாகப் பிரித்து, அட்டையில் வரிசை பிசகாமல் ஒட்டுகிறான். ஆடி மழையில் தகரக் கூரை அதிரும்போது காதைப் பொத்திக்கொள்பவர்களை உள்ளறைக்கு அழைத்துப் போகிறார்களே தவிர, யாரையும் பிடித்து உட்கார வைப்பதில்லை. உலக ஆட்டிசம் விழிப்புணர்வு நாளான ஏப்ரல் 2 அன்று நீல பலூன் கட்டி, சிறப்பு விருந்தினரை அழைத்து நடத்தும் கண்காட்சியும் இங்கே கிடையாது. (அவை பெரும்பாலும் நன்கொடையாளர்களுக்காக நடப்பவை என்பது என் எண்ணம்.)

குடும்பங்களுக்குக் கிடைக்கும் பயன் வாசலில் உள்ள பெஞ்சில் இருக்கிறது. பிள்ளைக்கு 18 வயது நிரம்பிய பிறகு சட்டப்படியான பாதுகாவலரை நியமிக்க, 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பிக்க வேண்டும் என்பதை என் அம்மா அறிந்தது எந்த அலுவலகத்திலும் அல்ல, அங்கே காத்திருந்த இன்னொரு தாயிடம்தான். ஒரு லட்சம் ரூபாய் வரையிலான நிராமயா மருத்துவக் காப்பீட்டைப் பற்றித் தெரிந்துகொண்டதும் அவ்வாறே. உறவினர் வீட்டு விசேஷங்களுக்குப் போவதையே நிறுத்திவிட்ட தாய்மார்கள், விளக்கம் சொல்லாமல் இரண்டு மணி நேரம் பேசிச் சிரிக்க முடிகிற இடமும் அதுதான்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-இன் 29-ஆம் பிரிவு, பண்பாட்டு வாழ்விலும் பொழுதுபோக்கிலும் மற்றவர்களுக்குச் சமமாகப் பங்கேற்கும் உரிமையைக் காக்கும் பொறுப்பை அரசுக்கும் உள்ளாட்சி அமைப்புகளுக்கும் அளித்துள்ளது. என் தம்பி காகிதம் வெட்டுவதற்கு அந்தப் பிரிவே போதும். அதனால் அவன் குணமடைகிறான் என்று யாரும் நிரூபிக்க வேண்டியதில்லை.

இத்தகைய குழுவைத் தேடிப் பந்தலூரிலிருந்து ஊட்டிக்குப் பேருந்தில் போய்த் திரும்புவதற்குள் ஒரு பகல் கழிந்துவிடும். நடுவட்டம் மலைப்பாதை வளைவுகளில் வாந்தி எடுத்துச் சோர்ந்த பிள்ளை அதன் பிறகு எந்தத் தூரிகையைத் தொடும்? கூடலூர், பந்தலூர், குந்தா உள்ளிட்ட எல்லா வட்டங்களிலும் ஒரு நூலக அறையையோ சமுதாயக் கூடத்தையோ வாரத்தில் அரை நாள் இதற்கெனத் திறந்துவிட மாவட்ட நிர்வாகம் முன்வர வேண்டும். பள்ளி வயது தாண்டிய என் தம்பியைப் போன்றவர்கள் பகல் முழுவதும் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடப்பதால், அங்கே வயது வரம்பு எதுவும் வைக்கக் கூடாது.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.