கொஞ்சம் நின்று பார்த்துவிட்டுப் போ

அன்பு மகளுக்கு,

"எல்லாம் நன்றாகத்தான் போகிறது அம்மா, ஆனால் எங்கே போகிறது என்றுதான் தெரியவில்லை" என்று போனில் சொன்னாய். சொன்ன கையோடு பேச்சை மாற்றிவிட்டாய். நானும் விட்டுவிட்டேன். அவசரத்தில் பேசி முடிக்கிற விஷயம் இல்லை இது என்று தோன்றியது. அதனால்தான் எழுதுகிறேன்.

இப்படி ஒரு கேள்வி மனதில் வருவது சோம்பல் இல்லை, நன்றி இல்லாத்தனமும் இல்லை. நல்ல வேலை, ஒழுங்கான சம்பளம், இதற்கு மேல் என்ன வேண்டும் என்று உனக்கு நீயே சொல்லி அதை அடக்கிவிடாதே. நீ இப்போது போய்க்கொண்டிருக்கிற பாதையைத் தேர்ந்தெடுத்தது யார் என்று யோசித்துப் பார். 17 வயதுப் பெண் ஒருத்தி. அவள் கெட்டிக்காரிதான். அன்றைக்குத் தெரிந்ததை வைத்துச் சரியாகவே முடிவு செய்தாள். ஆனால் இன்றைக்கு உனக்கு எது பிடிக்கும், எது களைப்பைத் தரும், யாரோடு இருக்க விரும்புவாய் என்பதெல்லாம் அவளுக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

2013-ல் குவாட்பாக், கில்பர்ட், வில்சன் என்ற மூன்று உளவியல் ஆய்வாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 18 முதல் 68 வயது வரை 19,000-க்கும் மேற்பட்டவர்கள் அதில் பங்கெடுத்தார்கள். கடந்த பத்து வருடங்களில் எவ்வளவு மாறினீர்கள் என்று சிலரிடம் கேட்டார்கள். வரும் பத்து வருடங்களில் எவ்வளவு மாறுவீர்கள் என்று மற்றவர்களிடம் கேட்டார்கள். எல்லா வயதுக்காரர்களும், இதுவரை நிறைய மாறிவிட்டோம், இனிமேல் பெரிதாக மாற மாட்டோம் என்ற மாதிரியே பதில் சொன்னார்கள். வாழ்நாள் முழுவதும் அந்த நினைப்பு நம்மோடு வருகிறது. அதனால் ஒரு முறை யோசித்து முடிவெடுத்துவிட்டால் போதும் என்று இருக்க முடியாது. ஆள் மாறிக்கொண்டே இருக்கும்போது, பாதை நமக்கு இன்னும் பொருந்துகிறதா என்று அவ்வப்போது நின்று பார்த்துத்தான் ஆக வேண்டும்.

சரி, நின்று எதைப் பார்ப்பது? இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். கண்ணை மூடி, உள்ளுக்குள் என்ன தோன்றுகிறது என்று கேட்கிறார்கள். உள்ளுணர்வை மட்டும் நம்பாதே என்பேன். 2009-ல் யான் சௌமன் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் ஜெர்மனியில் ஒரு காட்டில் சிலரை நேராக நடக்கச் சொல்லி, ஜிபிஎஸ் வைத்து அவர்கள் போன தடத்தைப் பதிவு செய்தார்கள். வெயில் அடித்த நாளில் ஓரளவு நேராகவே நடந்தார்கள். சூரியனை மேகம் மறைத்த நாளில் வட்டம் போட்டார்கள். தாங்கள் ஏற்கெனவே நடந்து வந்த தடத்தையே குறுக்கே கடந்து போனதுகூட அவர்களில் சிலருக்குத் தெரியவில்லை. நேராகத்தான் போகிறோம் என்ற உணர்வு மட்டும் கடைசி வரை இருந்தது.

அதனால் உனக்கு வெளியே இருக்கிற அடையாளங்களை எடுத்து வைத்துக்கொள். போன மாதத்து காலண்டரைத் திற. வங்கிக் கணக்கைப் பார். யாரை நீயாகவே அழைத்துப் பேசினாய், யாருக்கு "அப்புறம் பேசுகிறேன்" என்று சொல்லிவிட்டுப் பேசாமலே விட்டாய்? முக்கியம் என்று நீ சொல்லிக்கொள்கிற விஷயங்களுக்கு அந்தக் காலண்டரில் இடம் இருக்கிறதா? மனசு நமக்குச் சாதகமாகக் கதை சொல்லும். தேதியும் கணக்கும் அப்படிச் செய்யாது.

கேள்வியையும் கவனித்துக் கேள். "ஏன் நான் இப்படி இருக்கிறேன்" என்று ஆரம்பித்தால் அது சுற்றிச் சுற்றி அழுகையில்தான் போய் நிற்கும். "எந்த வேலையில் நேரம் போனதே தெரியவில்லை? எதை நினைத்தால் ஞாயிறு மாலையே மனம் கனக்கிறது?" என்று கேட்டுப் பார், பதில் வரும். உன் நிலைமையில் உன் தோழி இருந்தால் அவளுக்கு என்ன சொல்வாய் என்று நினைத்து எழுதிப் பார்ப்பதும் நல்லது. நமக்கென்று வரும்போது கலங்குகிற புத்தி, அடுத்தவருக்கென்றால் தெளிவாகிவிடும். ஆனால் இதையெல்லாம் நடுராத்திரியில், உடம்பு ஓய்ந்த நேரத்தில் செய்யாதே. அந்த நேரத்தில் வாழ்க்கை மொத்தமுமே தப்பாகத் தெரியும்.

இப்போது நான் சொல்லவந்த முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். 1985-ல் ஆர்க்ஸ், ப்ளூமர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் சிலரிடம் ஒரு கற்பனைக் கணக்கைக் கொடுத்தார்கள். நீங்கள் ஒரு சுற்றுலாவுக்கு 100 டாலரிலும் இன்னொரு சுற்றுலாவுக்கு 50 டாலரிலும் டிக்கெட் வாங்கிவிட்டீர்கள். இரண்டும் ஒரே வார இறுதியில் வருகின்றன. பணம் திரும்பக் கிடைக்காது. 50 டாலர் சுற்றுலாதான் அதிக மகிழ்ச்சி தரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். எதற்குப் போவீர்கள்? பாதிக்கும் மேற்பட்டவர்கள் 100 டாலர் சுற்றுலாவைத்தான் சொன்னார்கள். இரண்டு பணமும் போனது போனதுதான், இருந்தும் அதிகமாகச் செலவழித்ததை விட மனசு வரவில்லை.

உன் விஷயத்தில் அந்த 100 டாலர், உன் படிப்புக்காக அப்பாவும் நானும் செலவழித்தது. நீ வாய்விட்டுச் சொன்னதில்லை, ஆனால் எனக்குத் தெரியும். வேலையைப் பற்றி ஏதாவது குறை சொல்ல ஆரம்பித்து, "இல்லம்மா, பரவாயில்லை" என்று பாதியில் நிறுத்திக்கொள்கிறாயே, அங்கே அந்தக் கணக்குதான் குறுக்கே வருகிறது. அது உனக்குக் கடனாகக் கொடுத்தது இல்லை, கண்ணு. கொடுத்த அன்றே முடிந்துவிட்டது. அதைத் திருப்பித் தருவதற்காக நீ ஒரு பாதையில் நடக்க வேண்டிய அவசியம் இல்லை. அப்பாவிடமும் கேட்டேன். அவரும் இதையேதான் சொல்கிறார்.

இதை வைத்து உடனே வேலையை விட்டுவிடு என்று நான் சொல்வதாக நினைக்காதே. எல்லாவற்றையும் நன்றாகப் பார்த்துவிட்டு, இதே வேலை, இதே ஊர், இதுவேதான் எனக்கு வேண்டும் என்று உனக்குத் தோன்றலாம். அப்படியானால் சந்தோஷமாக இரு. சின்ன மாற்றம் ஒன்று போதும் என்று தெரியவந்தாலும் நல்லதுதான். பலருக்கும் அப்படித்தான் அமைகிறது. பெரிய மாற்றம் வேண்டும் என்றால், அதற்கு எவ்வளவு பணம் கையில் வேண்டும், எத்தனை மாதம் பிடிக்கும் என்று சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம்.

அடுத்த மாதம் இரண்டு நாள் லீவு போடு. ஊர் சுற்றவோ வீட்டு வேலை முடிக்கவோ அதைச் செலவழித்துவிடாதே. போனைத் தள்ளி வைத்துவிட்டு, ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு உட்கார். என்ன எழுதினாய் என்று நான் கேட்க மாட்டேன். எப்போது சொல்லத் தோன்றுகிறதோ அப்போது சொல். எந்த நேரமானாலும் சரி.

அன்புடன்,
அம்மா