அண்ணனைத் தாங்கிய எல்லாருக்கும் நன்றி

எங்கள் பங்கு மக்களுக்கும், ஊராருக்கும், தக்கலை சுற்றுவட்டாரத்து சொந்தபந்தங்களுக்கும்,

அண்ணனின் அடக்கத்துக்கு வந்தவர்களைக் கையெடுத்துக் கும்பிட்டதோடு சரி, அன்று ஒரு வார்த்தை பேச முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

அண்ணனுக்குப் பிறவியிலேயே மூளை வளர்ச்சி குறைவு. பேச்சு வராது. கடைசிக் காலத்தில் நடையும் நின்றுபோனது. "இவனால யாருக்கு என்ன பிரயோஜனம்?" என்று அம்மாவின் முகத்துக்கு நேரே கேட்டவர்கள் உண்டு. ஒரு கல்யாணத்துக்கு அவரைக் கூட்டி வரவேண்டாம் என்றே சொல்லிவிட்டார்கள்.

முதல் நன்றி முக்குச் சாயாக்கடை அண்ணாச்சிக்கு. அண்ணனுக்குக் கை நடுங்கும், பாதி சாயா சட்டையில் கொட்டும். அதற்காக நீங்கள் ஒருநாளும் பேப்பர் கப் எடுத்ததில்லை. எல்லாருக்கும் கொடுக்கும் அதே கண்ணாடி கிளாஸில் முக்கால் அளவு ஊற்றி, சூடு போக ஆற்றி, அவர் கையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நிற்பீர்கள். பின்னால் ஆள் காத்திருந்தாலும் அவசரப்படுத்தியதில்லை. பெஞ்சில் இடமில்லை என்றால் யாராவது எழுந்துகொள்வார்கள். இது சின்ன விஷயமில்லை. மார்பை மறைத்துத் தோளில் ஒரு சீலை போடுவதற்கே ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் பல்லாண்டு அடிபட்டு, 1859-ல்தான் திருவிதாங்கூர் அரசாணை வாங்கிய மண் இது. யார் பக்கத்தில் யார் உட்காரலாம் என்பதற்குக்கூட இங்கே கணக்கு இருந்தது.

அப்புறம், அண்ணனுக்குப் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை அப்பம், கொடுத்த பங்குத்தந்தை. நற்கருணை என்றால் என்னவென்று இவனுக்குப் புரியுமா என்று சிலர் கேட்டபோது, "நமக்கு முழுசாப் புரிஞ்சுதான் வாங்குறோமா?" என்றீர்கள் ஃபாதர். அன்று அம்மா அழுத அழுகை வேறு மாதிரி அழுகை.

வாரம் தவறாமல் வீட்டுக்கு வந்து சவரம் செய்துவிட்ட தம்பி, படுக்கைப் புண்ணுக்கு மருந்து கட்டிய நர்ஸ் அக்கா, பங்கின் அக்கம்பக்கத்து ஜெபக் குழுவான அன்பியத்துப் பெண்கள், கோயில் வேறானாலும் எங்களோடு ராத்திரி கண்விழித்த அடுத்த வீட்டு மைனி, எல்லாருக்கும் நன்றி.

இளைஞர் இயக்கத்துப் பிள்ளைகளே, 2022-ல் நட்டாலத்துத் தேவசகாயம் புனிதராக அறிவிக்கப்பட்ட சமயத்தில் அண்ணனைத் தூக்கி வேனில் ஏற்றிக் காற்றாடிமலைக்குக் கொண்டுபோனீர்கள். சாதி பார்க்காமல் எல்லாரோடும் பழகிய அந்த மனிதர் 1752-ல் சுட்டுக் கொல்லப்பட்ட இடம் அது. புனிதர் பட்டத்தின்போது அவர் பெயரோடு ஒட்டியிருந்த சாதிப் பெயரையும் ரோமாபுரி எடுத்துவிட்டது. அங்கே அண்ணனைக் கூட்டத்துக்குப் பின்னால் ஒதுக்காமல் முன்வரிசையில் உட்காரவைத்தீர்கள்.

நீங்கள் அவருக்கு மதிப்புக் கொடுத்தீர்கள் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. கடவுள் மனிதரைத் தம் சாயலில் படைத்தார் என்று தொடக்கநூல் முதல் அதிகாரத்தில் இருக்கிறது. அந்த மனிதர் ஒரு வேலையும் செய்து காட்டும் முன்பே அப்படிச் சொல்லியாயிற்று. பேச்சு, படிப்பு, சம்பாத்தியம் எதுவும் அங்கே நிபந்தனை இல்லை. அண்ணனின் மதிப்பு அவரோடு பிறந்தது. அதைக் கண்டு நடந்துகொண்டீர்களே, அதற்குத்தான் இந்த நன்றி. உடலில் வலுவற்றதாகத் தெரியும் உறுப்புகளே மிகவும் தேவையானவை என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியதை, உங்களைப் பார்த்த பிறகுதான் நான் நம்பத் தொடங்கினேன்.

முப்பதாம் நாள் திருப்பலி நம் கோயிலில்தான். எல்லாரும் வரவேண்டும், சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும். அண்ணனின் சக்கர நாற்காலி நல்ல நிலையில் இருக்கிறது. தேவைப்படுகிறவர்கள் கூச்சப்படாமல் வீட்டுக்கு வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
அவருடைய தங்கை