மிக்குவுக்கு, உன் பிறந்தநாளில்

மிக்கு,

இன்று மே 5. ‘The Quintessential Quintuplets’ என்ற ஜப்பானிய மங்காவில் (படக்கதையில்) ஒரே பிரசவத்தில் பிறந்த உங்கள் ஐந்து சகோதரிகளின் பிறந்தநாள். ஐந்து பேரையும் சேர்த்து ஒரே வரியில் வாழ்த்திவிட்டுப் போயிருக்கலாம், பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். எனக்கு உன்னிடம் மட்டும் பேச வேண்டியிருக்கிறது.

2020 பிப்ரவரியில் 122ஆம் அத்தியாயத்தோடு, உங்களை வரைந்த நெகி ஹருபா கதையை முடித்தபோதே எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை, மன்னித்துக்கொள். ஆனால் அன்று எழுதியிருந்தால், உங்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க வந்த ஃபூதாரோ உங்கள் ஐவரில் தேர்ந்தெடுத்த மணப்பெண்ணைத் திட்டும் கடிதமாகத்தான் அது வந்திருக்கும். உனக்கென்று அதில் ஒரு வரிகூட இருந்திருக்காது. அவள் பெயரை இப்போதும் சொல்லப் போவதில்லை. 14 தொகுதிகளையும் இன்னும் முடிக்காதவர்கள் இதைப் படிக்கக்கூடும். அது நீ இல்லை என்பது அவர்களுக்கு இதற்குள் புரிந்திருக்கும். அதை மறைத்துக்கொண்டு இந்தக் கடிதத்தை எழுத முடியாது.

எனக்குத் திரும்பத் திரும்ப வருவது அந்த மொட்டை மாடிதான். நீ வைத்த கடிதத்தைக் காதல் கடிதம் என்று நினைத்து ஃபூதாரோ பதறிக்கொண்டு வந்தான். நீ பேசியதோ ஜப்பானில் உள்நாட்டுப் போர்கள் நடந்த செங்கோகு காலத்துப் போர்த்தலைவர்களைப் பற்றி. மற்ற பெண்களுக்கு அழகான நடிகர்களைப் பிடிக்கிறது, எனக்கு மட்டும் தாடி வைத்த கிழவர்களைப் பிடிக்கிறது என்று வெட்கப்பட்டாய். அப்புறம் மாட்சா என்ற பச்சைத் தேயிலைச் சோடாவை நீட்டி, மூக்குச்சளி எதுவும் இதில் கலக்கவில்லை என்றாய். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. உன் முகம் அப்படியே வாடிவிட்டது.

அவன் அதோடு விட்டிருந்தால் நானும் உன்னை மறந்திருப்பேன். நூலகத்துப் புத்தகங்களைப் படித்துவிட்டு வந்து, உன்னைத் துரத்தி ஓடி, மூச்சு வாங்க அந்தக் கதையைச் சொன்னான். அந்தக் காலத்துப் போர்த்தலைவர்கள் கூடிய தேநீர் விருந்தில் ஒரே கிண்ணம் கைமாறி வருகிறது. நோயாளியான ஓதானி யோஷிட்சுகுவின் மூக்கிலிருந்து ஒரு சொட்டு அதில் விழுந்துவிடுகிறது. மற்றவர்கள் அருவருக்க, இஷிதா மிட்சுனாரி மட்டும் முகம் சுளிக்காமல் குடிக்கிறார்.

இதன் மறுபாதி உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். 1600இல் மிட்சுனாரி, அன்று பலம் மிகுந்திருந்த தோகுகவா இயேயாசுவை எதிர்த்துக் கிளம்பியபோது, இது ஜெயிக்காது என்று ஓதானிதான் தடுத்தார். பிறகு மிட்சுனாரி பக்கமே நின்று செகிகஹாரா போரில் உயிரை விட்டார். கர்ணனின் செஞ்சோற்றுக் கடனைக் கேட்டு வளர்ந்த எனக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

என் கோபமும் இதில்தான் இருக்கிறது. உன்னைப் புரிந்துகொள்ள ஒருவன் மெனக்கெட்டான், சரி. அதற்காக வாழ்நாள் கடன்பட்டவள்போல் ஏன் நடந்துகொண்டாய்? அவன் செய்தது பெரிய உபகாரம் இல்லை, மிக்கு. ஒருத்தியை நேசிக்க நினைப்பவன் செய்ய வேண்டிய முதல் வேலை அது.

முதல் தேர்வில் உங்கள் மதிப்பெண்கள் 12, 20, 32, 8, 28. கூட்டினால் சரியாக 100. அதில் 32 உன்னுடையது. ஐவரில் அதிகம் வாங்கியவளே, ஐவரில் நான்தான் மோசம் என்று சொன்னாய். வீட்டில் இன்னொருத்தியோடு ஒப்பிடப்பட்டே வளர்ந்தால் அப்படித்தான் பேச வரும். என் வீட்டைப் பற்றி இதற்கு மேல் எழுதவில்லை. அக்காவும் இதைப் படிப்பாள், அவள் மேல் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை.

தாத்தாவின் விடுதியில் எல்லோரும் உன் தங்கை இட்சுகி வேடத்தில் இருந்தீர்களே, நினைவிருக்கிறதா? அன்பு இருந்தால் அடையாளம் தெரியும் என்பது உங்கள் குடும்பத்தில் சொல்லும் வார்த்தை. அவன் தடுமாறி, யோசித்து, கடைசியில் உன் பெயரைச் சொன்னான். நீ மகிழ்ந்த மகிழ்ச்சியைப் பார்த்து, முடிவு இதுதான் என்று நான் நம்பிவிட்டேன். என்னை யாரும் ஏமாற்றவில்லை. அப்படி வரைந்தால் யாரும் அப்படித்தான் நம்புவார்கள். திருமண நாளில் ஐவரும் ஒரே மணப்பெண் உடையில் நின்றபோது, அவன் ஒருத்தியைக்கூடத் தவறவிடாமல் பெயர் சொன்னான். அப்படியென்றால் உன் மேலும் அவனுக்கு அன்பு இருந்தது. அதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அது எனக்குப் போதவில்லை. உனக்குப் போதும் என்று நீ சிரித்ததைத்தான் என்னால் இன்றும் தாங்க முடியவில்லை.

ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நீ செய்த குரோக்கெட் என்ற பொரித்த பலகாரம் கல்லாக இருந்த காலத்திலிருந்து உன்னைப் பார்க்கிறேன். அவனுக்காகத்தான் அடுப்படிக்குப் போனாய், அவனுக்காகத்தான் பேக்கரியில் வேலைக்குச் சேர்ந்து ரொட்டி செய்யக் கற்றாய். ஆனால் கல்லூரி வேண்டாம், சமையல்தான் படிக்கப் போகிறேன் என்று முடிவெடுத்தாயே, அது உனக்காக. இந்த மாதிரிக் கதைகளில் தேர்ந்தெடுக்கப்படாத பெண்ணுக்கு ஒரு புன்னகையைக் கொடுத்து ஓரமாக நிறுத்திவிடுவார்கள். நீ ஒரு தொழிலோடு வெளியே வந்தாய். நெகி ஹருபா மேல் எனக்கு இருக்கும் மனத்தாங்கலில் பாதி அதனால்தான் குறைந்தது.

இப்போது உன் அக்கா நினோவோடு சேர்ந்து கடை நடத்துகிறாய். அவளைப் பற்றி உனக்குத் தெரியாததா! பிடித்த பிடியை விடமாட்டாள். அவள் சொல்வதற்கெல்லாம் தலையாட்டாதே. அவள் குரலை உயர்த்தினால் நீயும் உயர்த்து. அவனிடம் உயர்த்தாத குரலை அந்தச் சமையலறையிலாவது உயர்த்து.