தலைவலிக்கு நான்காம் வேற்றுமை

லவாபியேஸ்,
மாட்ரிட்.

மதிப்பிற்குரிய சித்தப்பாவுக்கு,

வணக்கம். நான் இங்கு நலம். தங்கள் நலமும் சித்தியின் நலமும் அறிய ஆவல். ஸ்பானிய மொழி எந்த அளவுக்குப் பிடிபட்டிருக்கிறது என்று சென்ற கடிதத்தில் கேட்டிருந்தீர்கள். ஒரே ஒரு வாக்கியத்தைச் சொல்கிறேன். மற்றதைத் தாங்களே கணித்துக்கொள்ளலாம்.

உணவகத்தின் அடுப்படியில் பத்து மணி நேரம் நின்றுவிட்டுத் திரும்பிய ஒரு மாலையில், தலைவலி பொறுக்காமல், பச்சைச் சிலுவை விளக்கு எரியும் மருந்துக்கடை ஒன்றில் நுழைந்தேன். ஆங்கிலத்தை மனத்தில் வைத்துக்கொண்டு, 'என் தலை' என்னும் பொருளில் 'மி கபேத்தா' என்று தொடங்கி, மேலே வினைச்சொல் கிடைக்காமல் நெற்றியைப் பிடித்தபடி நின்றேன். கடைக்கார அம்மாள், "லே துவேலே லா கபேத்தா?" என்று கேட்டார்.

பாராசிட்டமால் வாங்கிக்கொண்டு வெளியே வந்த பிறகுதான் அந்த வாக்கியத்தைப் பிரித்துப் பார்த்தேன். 'லே' என்றால் உங்களுக்கு, 'துவேலே' என்றால் வலிக்கிறது, 'லா கபேத்தா' என்றால் தலை. நம் வீட்டுத் திண்ணையில் கேட்கும் கேள்வியேதான்! 'எனக்கு' என்பதற்கு 'மே', 'உனக்கு' என்பதற்கு 'தே' என்று மாற்றினால் போதும். யாருடைய தலை என்பதை அதுவே சொல்லிவிடுவதால், 'என்' என்று தனியாகச் சொல்வதில்லை. ஆங்கிலத்தின் வழியாக மூன்று மாதம் முட்டி மோதிய எனக்குத் தமிழின் வழி ஒரு நொடியில் திறந்தது. 'மே குஸ்தா எல் கஃபே' என்பதும் அப்படியே, 'எனக்குக் காபி பிடிக்கும்'.

பாதங்கள் வலித்தால் 'மே துவேலென் லோஸ் பியெஸ்' என்று வினை பன்மையாகிவிடுகிறது. பேச்சில் நாம் எத்தனை கால் வலித்தாலும் 'வலிக்குது' என்றே முடித்துவிடுகிறோம். தாங்கள் சிவப்பு மையால் திருத்தித் தந்த 'வலிக்கின்றன', இங்கே அடுப்படிப் பேச்சிலேயே கட்டாயம்.

எல்லாம் இப்படி இசைந்துவருவதில்லை. பசி எடுத்தால் 'தெங்கோ ஆம்ப்ரே', அதாவது பசியை உடையேன் என்கிறார்கள். தலை பெண்பாலாம், புயம் ஆண்பாலாம். 'மானோ' என்னும் கை, ஓகாரத்தில் முடிந்தும் பெண்பாலாம். அஃறிணை என்று ஒதுக்கி நிம்மதியாக இருந்தவனுக்கு இதை மனப்பாடம் செய்வதைத் தவிர வழியில்லை. அகராதியில் 'துவேலே' கிடைக்காது. 'தொலேர்' என்று தேட வேண்டும், ஏனெனில் அழுத்தம் விழும்போது இத்தகைய வினைகளின் ஒகரம் 'உவே' என்று பிளக்கிறது. 'துவேர்மோ' என்றால் தூங்குகிறேன். 'தோர்மீமோஸ்' என்றால் தூங்குகிறோம், அழுத்தம் நகர்ந்ததும் பழைய ஓசை திரும்பிவிடுகிறது. புணர்ச்சி விதிகளுக்காகத் தங்களிடம் பிரம்படி வாங்கியவனுக்கு இது பெரிதல்ல. உடன் சமைக்கும் ஈக்வடார்க்காரர் மட்டும் 'கபேஸா' என்றே சொல்வதால், இரண்டையும் காதில் பழக்கிக்கொண்டேன்.

ஒரு சந்தேகம் மிச்சமிருக்கிறது. நான்காம் வேற்றுமைக்கு நன்னூல் கொடை, பகை, நேர்ச்சி, தகவு, அதுவாதல், பொருட்டு, முறை முதலியவற்றைப் பொருளாகச் சொல்கிறது. 'எனக்குத் தலை வலிக்கிறது' என்பதிலுள்ள 'கு' இவற்றில் எதில் அடங்கும்? அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். வகுப்பில் ஆசிரியைக்கும் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள அண்ணன் மகன்