நிறுத்தியவர்களைக் குறை சொல்வது சரியா?

ஆசிரியர் அவர்களுக்கு,

எச்.ஐ.வி. வராமல் தடுக்கும் லெனகாபவிர் ஊசி பற்றிய கட்டுரை படித்தேன். பயனுள்ள கட்டுரைதான். ஆனால் தினசரித் தடுப்பு மாத்திரையைப் பாதியில் விட்ட ஆப்பிரிக்க இளம்பெண்களை ‘அலட்சியம்’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டீர்கள்.

தென்னாப்பிரிக்கா, உகாண்டா, ஜிம்பாப்வேயில் 5,029 பெண்களிடம் நடந்த ‘வாய்ஸ்’ ஆய்வை எடுத்துக்கொள்ளுங்கள். கேட்டபோது ஏறக்குறைய எல்லாரும் ஒழுங்காகப் போடுவதாகச் சொன்னார்கள். ரத்தத்திலோ மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான மாதிரிகளில்தான் மருந்து இருந்தது. பிறகு ரத்த முடிவைக் காட்டிப் பக்குவமாக விசாரித்தபோதுதான் பக்கவிளைவு பயம், காதலனின் சந்தேகம், ஊர்ப்பேச்சு எல்லாம் வெளியே வந்தன. போதாததற்கு, ஒப்பிட்டுப் பார்க்கச் சிலருக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை கொடுத்ததால், கையில் இருப்பது நிஜ மருந்தா இல்லையா என்பதே அவர்களுக்குத் தெரியாது!

தடுப்பு மாத்திரையில் இருக்கும் டெனோஃபோவிர் என்ற மருந்துதான் நோயாளிகளுக்கான சிகிச்சையிலும் இருக்கிறது. டப்பாவும் கிட்டத்தட்ட அதேதான். பைக்குள் அது கலகலப்பதைக் கேட்ட மாமியாரிடம், “இது நோய்க்கு இல்லை அத்தை, வராமல் இருக்க” என்று விளக்கினால் அடுத்த கேள்வி என்னவாக இருக்கும்? “அப்படி யாரிடமிருந்து வரும்?”

நிஜ மருந்து என்று தெரிந்தே எடுத்தவர்களும் உண்டு. ஜோகன்னஸ்பர்க், கேப் டவுன், ஹராரே நகரங்களில் 16 முதல் 25 வயது வரையிலான பெண்களிடம் நடந்த இன்னொரு ஆய்வில், மூன்றாம் மாதம் 84 சதவீதம் பேரின் ரத்தத்தில் மருந்து இருந்தது. ஓராண்டில் அது 31 ஆனது. ஆரம்பத்தில் மாதாமாதம் வரச் சொன்னவர்கள், அப்புறம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போதும் என்றார்கள். அதற்கும் இந்தச் சரிவுக்கும் தொடர்பு உண்டு என்பது என் எண்ணம். தொடர்ந்து எடுப்பவர்களுக்கும் பெரும்பாலும் விஷயம் தெரிந்த ஓர் அம்மாவோ தோழியோ துணை இருக்கிறார்கள். காதலன் பிரிந்ததும் நிறுத்துகிறவளை எந்தக் கணக்கில் சேர்ப்பது? அவளுக்கு அப்போது ஆபத்தே இல்லாமல் இருக்கலாம்.

2024இல் வெளியான ஆய்வில் லெனகாபவிர் போட்டுக்கொண்ட 2,134 பெண்களில் ஒருவருக்கும் தொற்று இல்லை. மகிழ்ச்சி. ஒளித்துவைக்க டப்பாவும் இல்லை. ஆனாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கிளினிக் வாசலில் நிற்க வேண்டும். அங்கே நர்ஸ், “இந்த வயசில் உனக்கு எதுக்கு இது?” என்று கேட்டால், அடுத்த ஊசிக்கு அந்தப் பெண் வரமாட்டாள். அதையும் அவளுடைய அலட்சியம் என்றே எழுதுவீர்களா?

– ஒரு வாசகி, கோவை