சீபெல் ஃபெர்ரியின் ஃப்யூஸ், மேகசின், மிதவை: அப்டேட்டுக்குப் பிந்தைய கோளாறுகள் குறித்த புகார்

அனுப்புநர்:
எஸ்.எஃப். 40 கப்பலை விலைக்கு வாங்கிய ஆட்டக்காரர்கள்

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
கப்பல் வடிவமைப்புக் குழு

பொருள்: பிரீமியம் பேக்கில் விற்ற விமான எதிர்ப்பு சீபெல் ஃபெர்ரி, கடைப்பக்க விவரத்தின்படி இயங்காதது – சரிசெய்யவோ பணத்தைத் திருப்பித் தரவோ கோருதல்.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். உங்கள் கடற்போர் வீடியோ கேமில் உள்ள எஸ்.எஃப். 40, அதாவது இரண்டாம் உலகப் போர்க் கால ஜெர்மன் சீபெல் ஃபெர்ரியை விற்றபோது கடைப்பக்கத்தில் மூன்று விஷயங்களை எழுதியிருந்தீர்கள்: நேர ஃப்யூஸ் குண்டு (குறித்த நேரத்தில் தானே வெடிப்பது) போடும் 88 மி.மீ. பீரங்கிகள், நான்கு குழல் கொண்ட 20 மி.மீ. ஃபிளாக் (விமான எதிர்ப்புத் துப்பாக்கி), தனித்தனியாகச் சேதமடையும் இரட்டை மிதவை. கடைசி அப்டேட்டுக்குப் பிறகு மூன்றுமே பழுது. டிக்கெட் போட்டதற்கு, "வரலாற்று ஆவணங்களின்படி சரியாகவே உள்ளது" என்ற இரண்டு வரிப் பதிலுடன் அதை மூடிவிட்டீர்கள். ஆவணத்தின்படி சரியில்லை என்பதுதான் எங்கள் புகார். அதனால் ஒவ்வொன்றையும் சோதித்துப் பார்க்கும் முறையோடு கீழே எழுதுகிறோம்.

முதலில் ஃப்யூஸ். பயிற்சிக் களத்தில் எஸ்.எஃப். 40-ஐ எடுத்து, 88-க்கு நேர ஃப்யூஸ் குண்டைத் தேர்ந்தெடுங்கள். நேராக உங்களை நோக்கி வரும் குண்டுவீச்சு விமானத்தை 4 கிலோமீட்டரில் லாக் செய்யுங்கள் (குறியில் பிடித்து வையுங்கள்). சுடாமல் காத்திருந்து, தூரம் 2 கிலோமீட்டராகக் குறைந்ததும் சுடுங்கள். குறிகாட்டி 2 என்று சரியாகக் காட்டும். குண்டோ விமானத்தைக் கடந்துபோய் 4 கிலோமீட்டரில் வெடிக்கும். லாக்கை விட்டுவிட்டு மீண்டும் பிடித்தாலும் தீராது. ஏற்கெனவே குழலில் இருக்கும் குண்டு பழைய தூரத்தோடுதான் போகும். அதை வீணடித்த பிறகு ஏறும் குண்டுதான் புதிய தூரத்தை எடுத்துக்கொள்ளும். விமானம் தொடர்ந்து நெருங்கிவருவதால், அந்தக் குண்டு வெடிக்கும்போதும் தூரம் தப்பாகத்தான் இருக்கும்.

காரணம் தெளிவு. முன்பு சுடும் கணத்தில் படித்த தூரத்தை, இப்போது குண்டு ஏறும் கணத்தில் படித்துவைக்கிறீர்கள். "நிஜப் பீரங்கியிலும் குழலில் ஏற்றுமுன்தானே ஃப்யூஸைத் திருப்புவார்கள்" என்று யாராவது சொல்லலாம். உண்மைதான். ஃபிளாக் 36 என்ற 88 மி.மீ. பீரங்கியில், அதோடு சேர்ந்தே ஃப்யூஸ் திருப்பும் கருவி இருந்தது. குண்டின் மூக்கை அதில் நுழைத்துத் திருப்பிய பிறகுதான் குழலில் ஏற்றினார்கள். ஆனால் அவர்கள் வைத்தது அந்த நேரத்துத் தூரத்தை அல்ல. ஏற்றிச் சுடுவதற்கு ஆகும் சில விநாடிகளையும், குண்டு பறக்கும் நேரத்தையும் கணக்கில் சேர்த்து, விமானம் வந்துசேரப்போகும் இடத்துக்கான நேரத்தையே குறிக் கணக்கிடும் கருவி பீரங்கிக்கு அனுப்பியது. நீங்கள் பாதி வழிமுறையை மட்டும் எடுத்துக்கொண்டு, அதற்கு உயிரான முன்கணிப்பை விட்டுவிட்டீர்கள். இரண்டையும் சேர்த்துப் போடுங்கள், இல்லையென்றால் சுடும் கணத்தில் தூரம் படிக்கும் பழைய முறைக்கே திரும்புங்கள். எங்களுக்கு இரண்டும் சம்மதம்.

இது ஏன் இவ்வளவு முக்கியம்? 88-இன் ஆரம்ப வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 820 மீட்டர். காற்றுத் தடையில் அது வேகமாகக் குறையும். 4 கிலோமீட்டர் போக ஆறு விநாடி ஆகிவிடும். மணிக்கு 360 கிலோமீட்டரில் வரும் விமானம் அதற்குள் 600 மீட்டர் நகர்ந்திருக்கும். அந்தத் தூரத்தில் நேரடியாக மோதினால்தான் வெடிக்கும் என்றால், நிமிடத்துக்கு 15 குண்டு போடும் பீரங்கியால் பயனே இல்லை. பக்கத்தில் வெடித்துச் சிதறினால்தான் அது விமான எதிர்ப்புப் பீரங்கி. 1942 அக்டோபர் 22-இல் லடோகா ஏரியின் சுஹோ தீவைத் தாக்கியபோது இதே ஃபெர்ரிகள் கரைப் பீரங்கிகளோடும் மோதின என்பதால், மோதி வெடிக்கும் குண்டும் பட்டியலில் இருப்பது நியாயமே. அதில் எங்களுக்குக் குறையில்லை.

அடுத்தது ஃபிளாக்ஃபியர்லிங், அதாவது நான்கு குழல் 20 மி.மீ. ஒவ்வொரு குழலுக்கும் 20 தோட்டா மேகசின் ஒன்று. சுடுபவரின் காலடியில் இரண்டு மிதிகள். ஒவ்வொரு மிதியும் குறுக்குக்குறுக்காக உள்ள இரண்டு குழல்களை இயக்கும். ஒரு ஜோடி சுடும்போது மற்ற ஜோடிக்கு மேகசின் மாற்றுவார்கள்; அதனால்தான் சுடுவது நிற்காது. அப்டேட்டுக்கு முன் இது அப்படியே இருந்தது, அதற்காகவே பலர் வாங்கினார்கள். இப்போது நான்கும் ஒரே ஆயுதமாக ஒட்டப்பட்டுவிட்டன. பட்டனை அழுத்தினால் நான்கு மேகசினும் 2.7 விநாடியில் ஒன்றாகக் காலியாகின்றன. பிறகு 6 விநாடி மௌனம். 8.7 விநாடிக்கு 80 தோட்டா என்றால் நிமிடத்துக்கு 550 சொச்சம். நிஜத்தில் நடைமுறை வேகமாகச் சொல்லப்படுவது ஏறத்தாழ 800. எண் குறைந்ததைவிட அந்த 6 விநாடிதான் கொல்கிறது: டைவ் அடிக்கும் விமானம் குண்டைப் போட்டுவிட்டுத் திரும்ப அது போதும். கீ அமைப்பில் "ஆயுதக் குழு 1, 2" என்று பிரித்துப் பார்த்தோம். நான்கு குழலும் ஒரே குழுவில்தான் விழுகின்றன. ஆகவே இதை ஆட்டக்காரர் தன் பக்கத்தில் சரிசெய்ய வழியில்லை.

மூன்றாவது, மிதவை. எங்களை அதிகம் வருத்துவது இதுதான். இந்தக் கப்பலின் வடிவமே அதன் கதை. 1940-இல் ஜெர்மனி இங்கிலாந்தின் மீது படையெடுக்கத் திட்டமிட்டபோது, தரையிறங்கும் படகுகள் போதவில்லை. விமானத் தயாரிப்பாளரான ஃபிரிட்ஸ் சீபெல், ராணுவப் பாலம் கட்டும் பான்டூன் பெட்டிகளை வரிசையாகப் பிணைத்து இரண்டு நீள மிதவைகளாக்கி, இடையில் எஃகு விட்டங்கள் போட்டு, மேலே தளம் அமைத்தார். படையெடுப்பு நடக்கவில்லை, ஆனால் பிரித்து ரயிலில் ஏற்றிப் போகலாம் என்பதால் லடோகா ஏரி வரை இவை போயின. 1943 ஆகஸ்டில் சிசிலியிலிருந்து மெசினா நீரிணை வழியாகப் படைகளை மீட்டதிலும் இவற்றுக்குப் பங்குண்டு.

ஆக, இரண்டு மிதவைகளுக்கும் நடுவே இருப்பது வெறும் தண்ணீர். உங்கள் ஹிட்பாக்ஸில் (அடிபடும் இடமாகக் கேம் கணக்கிடும் பகுதியில்) அது இரும்பு. சோதிக்கும் முறை: ஃபெர்ரியை அசையாமல் நிறுத்தி, மூக்குக்கு நேர் எதிரிலிருந்து நடுக்கோட்டைக் குறிவைத்து டார்பிடோ விடச் சொல்லுங்கள். அது இரண்டு மிதவைக்கும் நடுவே நுழைந்து பின்பக்கம் வெளியேற வேண்டும். இப்போது காற்றில் மோதியதுபோல் முன்விளிம்பிலேயே வெடிக்கிறது. எக்ஸ்ரே காட்சியை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். வெடிக்கும் புள்ளிக்கு இருபுறமும் மிதவைச் சுவர் தள்ளியே இருக்கிறது, இடையில் எதுவுமே வரையப்படவில்லை. ஆழக் கணக்கும் அப்படித்தான். தண்ணீருக்குள் சுமார் ஒரு மீட்டர் மட்டுமே இறங்கும் கலத்தை, 2 மீட்டர் ஆழத்துக்கு அமைத்த டார்பிடோ பக்கவாட்டிலிருந்து வந்தாலும் அடியில் கடந்துபோக வேண்டும். அதுவும் மோதுகிறது.

வெள்ளம் புகுவதும் தவறு. இடப்பக்க மிதவையின் முன்பெட்டியில் ஒரு துளை விழுந்தால், வலப்பக்க மிதவையிலும் அதே வேகத்தில் நீர்மட்டம் ஏறுகிறது. இரண்டும் விட்டங்களால் மட்டுமே இணைந்தவை. தண்ணீர் போக வழி எங்கே? ஒரு பக்கம் சாய வேண்டும், சாய்வால் பீரங்கியின் கோணம் கெட வேண்டும், மறுபக்க மிதவை தாங்கிப் பிடிக்க வேண்டும். பழைய பதிப்பில் இது அழகாக வந்தது. இப்போது ஒற்றை உடல் படகின் டேமேஜ் மாடலை (சேதக் கணக்கை) அப்படியே ஒட்டியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறோம், ஏனெனில் அலையில் உருளும் விதமும் மாறிவிட்டது. சுமார் 14 மீட்டர் அகலமுள்ள இரட்டை மிதவை, ஒல்லியான ரோந்துப் படகுபோல் ஆடாது.

வேகம் குறைவு என்று புகார் சொல்ல மாட்டோம். இந்தக் கலம் ஓடித் தப்பிக்கும் ரகமல்ல, அது சரியாகவே இருக்கிறது. ஓட முடியாததால்தான் அதன் மேல் இவ்வளவு ஃபிளாக்கை ஏற்றினார்கள்.

எங்கள் கோரிக்கை:

ஃப்யூஸையும் நடு இடைவெளியின் ஹிட்பாக்ஸையும் உடனடித் திருத்தமாக வெளியிடுங்கள். இவை பெரிய வேலையல்ல, முந்தைய பதிப்பில் சரியாக இருந்தவை. நான்கு குழல் ஜோடி மாற்றத்துக்கும் வெள்ளக் கணக்குக்கும் கூடுதல் நாள் தேவையென்றால், தேதியைச் சொல்லுங்கள், காத்திருக்கிறோம். திருத்தும் எண்ணமே இல்லையென்றால் கடைப்பக்க விவரத்தை மாற்றிவிட்டு, கேட்பவர்களுக்கு முழுத் தொகையையும் திருப்பித் தாருங்கள். டிஜிட்டல் பொருள் விற்பனையும் இந்தியாவின் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருவது உங்களுக்குத் தெரிந்திருக்கும். விளையாட்டுக்குள் செலவிடும் நாணயமாகத் தருவதை நாங்கள் ஏற்கமாட்டோம்.

மேலே சொன்ன சோதனைகளின் ரீப்ளே கோப்புகளை, பதிப்பு எண்ணுடன் டிக்கெட்டில் ஏற்கெனவே ஏற்றியிருக்கிறோம். மூடிய டிக்கெட்டைத் திறந்து, அந்தக் கோப்புகளை ஓட்டிப் பார்த்த வடிவமைப்பாளர் ஒருவரே பதில் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
எஸ்.எஃப். 40 ஆட்டக்காரர்கள்